மாத்திரை டப்பாவா, நடையா?

எலும்பு வலுப்பட கால்சியம், வைட்டமின் டி மாத்திரையா, தினசரி நடையா? விழுங்க அரை நிமிடம் போதும் என்பதால் மாத்திரைதான் சுலபம். ஆனால் குறைபாடு உள்ளவருக்கே அதனால் முழுப் பயன். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. அளவு மீறினால் உடலில் தேங்கி, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். இரும்புச்சத்து மாத்திரையோடு கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடலில் சேராது.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் குதிகால் தரையில் பட, எலும்பு உடல் எடையைத் தாங்கிப் பழகுகிறது. தொடைத் தசை இறுகும், தடுமாறி விழுவது குறையும். விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தால் இது வராது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி.

என் ஓட்டு நடைக்கே. பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் மாத்திரை, அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். (என் டப்பாவில் பாதி காலாவதியாகிக் கிடக்கிறது.)