மாவுப்பூச்சிக்கு ‘இயற்கை மருந்து’ வாங்கி 2,340 ரூபாய் போச்சு

கொய்யா மரத்தை ரசாயனம் இல்லாமல் காப்பாற்றுவது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் முதலில் இந்த 2,340 ரூபாய்க் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கொல்லைக் கொய்யாவில் மாவுப்பூச்சி. இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு, பிஞ்செல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூஞ்சை. வீட்டுத்தோட்டப் பொருள் விற்கும் ஓர் ஆன்லைன் கடைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன். "அம்மா வச்ச மரமாக்கா? அப்ப கண்டிப்பா காப்பாத்திடலாம்." அங்கேதான் விழுந்தேன். அம்மா வைத்தது என்று மெசேஜில் உளறியதே நான்தான், அது அப்போது உறைக்கவில்லை. "ஒரு சொட்டு ரசாயனம் இருந்தாலும் பாட்டிலை நானே குடிக்கிறேன்க்கா" என்று வேறு அந்தத் தம்பி சொல்ல, உடனே 2,340 ரூபாயை ஜிபேயில் போட்டேன்.

வந்தது மூன்று பாட்டில். வேப்பெண்ணெய்க் கரைசலாம், திறந்தால் ஃபினாயில் வாடை. சின்ன வயதில் தலையில் வேப்பெண்ணெய் தேய்த்து வளர்ந்தவள், எனக்கா அந்த நாற்றம் தெரியாது? தெரிந்தும் அடித்தேன் பாருங்கள், அதுதான் ஆறவில்லை. மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகி, பிஞ்சுகள் கொட்டிவிட்டன. மாவுப்பூச்சி மட்டும் சௌக்கியம்.

போன் செய்தால் முதலில் "போர் தண்ணியாக்கா? அதான்." அடுத்த நாள் "மரத்துக்கு வயசாயிடுச்சு." அப்புறம் "மேனேஜர் பேசுவார்." எந்த மேனேஜரும் பேசவில்லை. பணத்தைக் கேட்டதும் பிளாக். 2,340 ரூபாய்!

சரி, வழிமுறை எழுதும் பொறுமை போய்விட்டது. இதை மட்டும் பாருங்கள். பூச்சிமருந்து என்று விற்றால், வேம்பில் செய்ததானாலும், லேபிளில் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். என் பாட்டிலில் இரண்டும் இல்லை, பச்சை இலைப் படம்தான். எதை அடித்தாலும் முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். செக்கு வேப்பெண்ணெய் லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் அடித்தால் போதும். பூச்சி மொய்த்த கொப்புகளை முதலிலேயே வெட்டி எரித்துவிடுங்கள். முக்கியமாக எறும்பு: மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான். அடிமரத்தில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் ஏறாது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பைசா வாங்காமல் சொன்னார். துணி தேடப் போகிறேன்.