மேடேறியும் சூடாகிற முன் சக்கரம்

குன்னூரில் வைத்து ஓட்ட ஒரு பழைய பெட்ரோல் சின்னக் கார் வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல நேரம் பார்த்துக் கேட்டார். என் வண்டியின் இடது முன் காலிப்பரை, அதாவது பிரேக் பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்துகிற பாகத்தை, மூன்றாவது தடவையாகக் கழற்றி மாட்டியாயிற்று, நகத்தில் கறுப்பு இன்னும் போகவில்லை. பதினெட்டு வயது வண்டி. இன்ஜினைக் குறை சொல்ல வாய் வராது. கோத்தகிரி மேட்டில் இரண்டாம் கியரில் முனகாமல் ஏறும், சந்துபொந்தில் எல்லாம் திரும்பும். தொல்லை ஒன்றே ஒன்று. மிதித்துக் காலை எடுத்த பிறகும் முன் பிரேக் விடாது.

மலையில் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இறங்கி வந்து பார்த்தால் எந்த வண்டியின் சக்கரமும் கொதிக்கும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் நல்ல பிரேக்கே நாறும். ஆகவே ஏறிப் பாருங்கள். பர்லியாறிலிருந்து குன்னூர் வரை ஏறும்போது பிரேக்குக்குப் பெரிய வேலை கிடையாது. மேலே வந்ததும் இரண்டு முன் ரிம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது அனலாகவும் இருந்தால், அனலடிக்கிற பக்கம்தான் ஒட்டுகிறது. பிரேக் மிதிக்காதபோதே வண்டி ஒரு பக்கம் இழுத்தால் சந்தேகம் இன்னும் உறுதி.

சூடு ஆறுவதற்குள் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது பேட் லேசாக உரசுவது இயல்பு. முக்கித் தள்ள வேண்டியிருந்தால் காலிப்பரில் ஆயிலை வெளியே விடுகிற பிளீட் நிப்பிளில் ஒரு குழாய் மாட்டி, கால் சுற்று திறவுங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விட்டுவிட்டால் காலிப்பர் மேல் பழியில்லை. அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்சுவர் வீங்கி ஒருவழி வால்வாகியிருக்கும். இரண்டு பக்கமும் என்றால் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்குகிற மாஸ்டர் சிலிண்டரையும், பெடலின் ஃப்ரீ பிளேயையும் (பிரேக் பிடிக்குமுன் பெடலில் இருக்கும் சும்மா ஆட்டம்) பாருங்கள். நிப்பிளைத் திறந்தும் விடவில்லையென்றால் பேட்டைத் தள்ளுகிற பிஸ்டன், அல்லது காலிப்பர் வழுக்கி நகர்கிற ஸ்லைடிங் பின்.

இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் "பேட் மாத்திடலாம் சார்" என்பதுதான் ஆத்திரம் மூட்டுவது. புதுப் பேட் தடிமன். அதற்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது துருப்பிடித்த பாகம் அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீலுக்குள் போகிறது. முன்பைவிட மோசமாக ஒட்டும்.

ஸ்லைடிங் பின்னை முதலில் பாருங்கள், செலவு குறைவு. காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கினால் அதுவும் போச்சு. ஸ்லைடிங் பின்கள் இரண்டும் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சின்னதாய்க் கிழிந்த பூட் (பின்னை மூடும் ரப்பர் உறை) வழியாக மழையும் பனியும் உள்ளே போய்த் துருவாகிறது. உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து வெளிப்பக்கம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் ஸ்லைடிங் பின்தான் குற்றவாளி. எமரியால் துடைத்து, துளையையும் காயவைத்து, சிலிக்கோன் பிரேக் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரணக் கிரீஸ் வேண்டவே வேண்டாம், பூட் ரப்பர் ஊதிப் பின்னை இறுக்கிவிடும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் பேட்டின் காது உட்காருகிற இடத்துத் துருவையும் அரத்தால் எடுத்துவிடுங்கள்.

பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சதுர வெட்டு சீல் முறுக்கிக்கொண்டு திரும்புவதுதான் அதைப் பின்வாங்க வைக்கிறது. சீல் காடியில் துரு சேர்ந்தால் அந்தச் சின்ன அசைவும் போய்விடும். மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, கால் பம்பால் மெதுவாகக் காற்றடித்துப் பிஸ்டனை வெளியே எடுங்கள். விரலை அந்த இடைவெளியில் வைக்காதீர்கள். பிஸ்டன் மேல் நகத்தை ஓட்டும்போது குழியில் சிக்கினால் எமரி போட்டு ஏமாற்ற முடியாது, புதுப் பிஸ்டன்தான். சீல் கிட் புதுசு, ஹோஸ் போல்ட்டின் இரண்டு செப்பு வாஷரும் புதுசு. பெட்ரோலில் கழுவாதீர்கள்; பிரேக் ஆயிலையே தடவி மாட்டுங்கள்.

கடைசியில் ஆயில். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் குடித்தபின் அந்த அளவு 140 வரை இறங்கலாம். ஒட்டுகிற பிரேக்கோடு ஊட்டியிலிருந்து இறங்கும்போது 140 ஒன்றும் தூரமில்லை, அதன்பின் ஆயில் கொதித்துப் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்பது சமவெளிக் கணக்கு. இங்கே வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், முழுதாக மாற்றி, குழாயில் சிக்கிய காற்றையும் வெளியேற்றுங்கள். அரை லிட்டர் போதும்.

தினமும் ஓடுகிற வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு வாரம் மேகத்துக்குள் நின்றால் திரும்ப வரும். மற்றபடி இந்த மலைக்கு இதைவிடத் தோதான வண்டி கிடைப்பது கஷ்டம். இன்ஜின் இன்னும் பத்து வருஷம் தாங்கும். வாங்கலாமா என்றால், இந்த வாரம் கேட்டதால் சொல்கிறேன், வேண்டாம்.