3,200 ரூபாய் போச்சு: பைத்தான் வழிகாட்டி வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று ராத்திரி வரை பொறுத்துப் பார்த்தேன். இனிமேல் பணம் வராது என்று தெரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். 3,200 ரூபாய். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செக்கிங் டேபிளிலேயே காலம் போய்விடக் கூடாது, புரோகிராமிங் கற்றுக்கொண்டு கோயமுத்தூர் பக்கம் வேறு வேலைக்கு முயற்சி செய்ய வேண்டும் என்று ஒரு வருஷமாக மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் போனில் விளம்பரம் வந்தது. புதிதாகப் படிப்பவர்களுக்குத் தமிழிலேயே பைத்தான் என்கிற புரோகிராமிங் மொழி, 400 பக்கப் புத்தகம், கூடவே பிடிஎஃப், சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழு. இணையத்தில் மட்டும் விற்கிற ஒரு சின்ன நிறுவனம். பெயர் வேண்டாம்.

விலை அதிகமாகத் தெரிந்ததால் போன் பண்ணிக் கேட்டேன். எடுத்தவர், "சொல்லுங்க, எந்த ஊருங்க?" என்றார். குன்னத்தூர் என்றேன். "அட, நம்ம பக்கமுங்க! நமக்குக் கோபிங்க" என்றார். அதற்கப்புறம் புத்தகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கொடிவேரியில் தண்ணீர் எப்படிப் போகிறது, எங்கள் ஊர்ச் சந்தை எப்படி இருக்கிறது என்று பத்து நிமிஷம் பேசினார். கடைசியில், "நம்மூர்ப் பையனுக்குத் தப்பான பொருளைக் கொடுப்பனுங்களா? புடிக்கலீனா திருப்பி அனுப்பிருங்க, காசு வந்துரும்" என்றார். சொந்தக்காரர் பேசுவது போலவே இருந்தது. நாலு பக்கம் மாதிரிக்கு அனுப்புங்கள் என்று கேட்க நினைத்திருந்தேன், அது மறந்தே போனது. அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில் இருந்து அப்படியே அனுப்பினேன்.

புத்தகம் வந்தது. முதல் பயிற்சி, 'வணக்கம்' என்று திரையில் வரவைக்க வேண்டும். பிரிண்ட் என்று எழுதி, அடைப்புக்குறி இல்லாமல் பக்கத்திலேயே மேற்கோளுக்குள் வணக்கம். அப்படியே அடித்தேன். சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய முறையே தப்பு என்று வந்தது. திரும்ப அடித்தேன், அதே எரர். நாலு ராத்திரி, ஷிப்ட் முடிந்து வந்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து அடித்தேன். புத்தகம் தப்பாக இருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. புதிதாகப் படிக்கிறவனுக்கு எப்படித் தோன்றும்? நமக்கு இது ஏறாது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். காசு போனதைவிட இதுதான் ஆத்திரமாக வருகிறது. தெரியாதவனிடம் தப்பானதை விற்றால், அவன் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டு பேசாமல் விட்டுவிடுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கண்டுபிடித்தது ப்ளஸ் டூ படிக்கும் அக்கா மகள். "மாமா, எங்க புக்குல பிராக்கெட் போட்டுத்தான இருக்குது" என்று அவளுடைய கணினி அறிவியல் பாடப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். தமிழ் வழிப் புத்தகம். அதில் இருக்கிறபடி அடித்தேன், முதல் தடவையே வணக்கம் வந்தது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பைத்தானில் பழைய வெர்சன் 2, புதியது 3. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். அதிலிருந்து பிரிண்டுக்கு அடைப்புக்குறி கட்டாயம். பைத்தான் 2-க்கான ஆதரவையே 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு விற்றது முழுக்க முழுக்க பைத்தான் 2. 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2 வரும் என்று அச்சடித்திருக்கிறார்கள், இப்போது 2.5 வரும். பதிப்பு ஆண்டு எந்தப் பக்கத்திலும் இல்லை. அட்டை மட்டும் பளபளவென்று புதுசு.

இன்னொரு கொடுமையும் உண்டு. பைத்தானில் வரிக்கு முன்னால் விடுகிற இடைவெளியை வைத்துத்தான் எந்த வரி எதற்குள் அடங்கும் என்று கணினிக்குத் தெரியும். 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று சொல்கிற இஃப் எழுதினால் அடுத்த வரி உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இந்தப் புத்தகத்தில் பாதிக்கு மேல் எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கிறது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், ஒரு நிரலைக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை.

போன் பண்ணினேன். "உங்க லேப்டாப்புல வெர்சன் தப்புங்க, பழசை எறக்கிப் போடுங்க" என்றார். ஆதரவு நின்றுபோனதை எதற்குப் போட வேண்டும் என்று கேட்டேன். "சார் வெளியூர் போயிருக்காருங்க, திங்கக்கிழமை பேசுங்க." திங்கட்கிழமை வேறொரு பெண் எடுத்து, பிடிஎஃப் இறக்கிவிட்டதால் பணம் திரும்பாது என்றார். வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், பத்து நிமிஷத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். இப்போது போனே போவதில்லை. 3,200 ரூபாய்!

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. மாதிரிப் பக்கம் கேளுங்கள், கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிரிண்டுக்கு அடைப்புக்குறி இருக்கிறதா, இஃப்-க்குக் கீழே உள்ள வரி தள்ளி இருக்கிறதா, பதிப்பு ஆண்டு போட்டிருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். ஒரு பைசா கொடுப்பதற்கு முன் ப்ளஸ் டூ பாடப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். ஆங்கிலம் வருமென்றால் பைத்தானின் சொந்தத் தளத்திலேயே பாடம் இலவசமாக இருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் சொன்னார்களா என்று கேட்டார்கள். போனில் சொன்னதுதான். என்னிடம் இருப்பது 3,200 ரூபாய் அனுப்பிய ரசீது மட்டுமே. ஈரோடு, கோபி, சத்தி பக்கம் வேறு யாராவது இதே மாதிரி வாங்கியிருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள்.