சாக்சன் பெண்ணுடை: ப்ரூச்சா, தையலா?

ஆங்கிள், சாக்சன் என்ற ஜெர்மானிய இனங்கள் வந்து குடியேறிய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் காலம் 5ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1066 வரை நீள்கிறது. அறுநூறு வருஷமும் ஒரே உடையையா உடுத்தியிருப்பார்கள்? இன்று ஒரு பெண்ணுடையைச் செய்து பார்க்க நினைத்தால் எதிரே இருப்பவை இரண்டு: ஆரம்பகாலத்தின் பெப்லோஸ், அல்லது 7ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த கைவைத்த கவுன்.

பெப்லோஸில் தையல் வேலை இல்லை என்றே சொல்லலாம். குழாய் மாதிரி ஒரு கம்பளித் துணி, தோளுக்கு ஒன்றாக இரண்டு ப்ரூச் (துணியைக் குத்திப் பிடிக்கும் ஊசி வைத்த அணி), இடுப்பில் ஒரு பட்டை, உள்ளே லினன் சட்டை. 150 செ.மீ. அகலத் துணியில் 2 மீட்டர் போதும். ஒரே ஒரு மூட்டுத் தையல். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

காசு போவது ப்ரூச்சில்தான். அதில் தப்பு செய்வதும் சுலபம். தேம்ஸ் பக்கத்துச் சாக்சன் கல்லறைகளில் சாசர் போலக் குழிந்த, தங்கமுலாம் பூசிய வட்ட ப்ரூச்சுகள் கிடைக்கின்றன. கிழக்கே ஆங்கிள்கள் குடியேறிய பகுதியில் சிலுவை வடிவ நீள ப்ரூச்சும், சட்டைக் கையை மணிக்கட்டில் பூட்டும் கொக்கிகளும் அதிகம். சாசர் ப்ரூச்சும் மணிக்கட்டுக் கொக்கியும் ஒரே உடம்பில் ஏறினால், விஷயம் தெரிந்தவர் சிரித்துவிடுவார். இரண்டு ப்ரூச்சுக்கும் நடுவே தொங்கும் பாசிமணிச் சரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், உடைக்கு அழகே அதுதான்.

கைவைத்த கவுனுக்குத் துணி 3 மீட்டருக்கு மேல் பிடிக்கும். பக்கவாட்டில் முக்கோணத் துண்டு வைத்து விரிக்க வேண்டும், கை வெட்ட வேண்டும், தலையை மூடும் துணியும் வேண்டும். 597இல் அகஸ்டின் என்ற துறவி தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட்டுக்கு வந்த பின் கிறிஸ்தவம் பரவியது; கடலுக்கு அக்கரையில், இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த ஃபிராங்குகளின் பாணியும் சேர்ந்துகொண்டது. தோள் ப்ரூச் ஜோடி மறைந்தே போனது. குளிருக்கும் நடமாட்டத்துக்கும் இந்த உடைதான் வசதி.

ஆதாரம் என்று வந்தால் நான் பெப்லோஸ் கட்சி. புதைத்த ப்ரூச்சின் பின்பக்கத்தில், உலோகத் துருவோடு ஒட்டிக்கொண்டு துணித் துணுக்குகள் தப்பியிருக்கின்றன. நெசவு என்ன, துணி எந்தப் பக்கம் மடிந்தது என்றுகூட அதில் படிக்கலாம். பிற்காலத்தில் பிணத்தோடு பொருள் புதைப்பதே நின்றுவிட்டது. மிஞ்சியவை ஓவியச் சுவடிகளும், 1066 படையெடுப்பைப் படமாகச் சொல்லும் சுமார் 70 மீட்டர் நீள பேயோ பூவேலைத் துணியும். அந்தப் பூவேலையிலும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படத்தில் மடிப்பு தெரியும், தையல் தெரியாது. வெட்டும் அளவுகளில் பாதி நம் ஊகம்தான்.

துணி விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே சட்டம்: பருத்தி வேண்டாம், அது அவர்களிடம் இல்லை. ஜீன்ஸில் தெரிகிற மாதிரிச் சாய்வுக் கோடு ஓடும் கம்பளி கிடைத்தால் எடுத்துவிடுங்கள். சிவப்புக்கு மேடர் வேர், மஞ்சளுக்கு வெல்ட் செடி, நீலத்துக்கு வோட் இலை. வோட்டில் இருக்கும் நீலச் சாயமும் நம் அவுரியில் இருப்பதும் ஒன்றேதான். அவுரி தோய்த்த கம்பளியைப் பார்த்து யாராலும் குறை சொல்ல முடியாது.

சரி, கையில் காசு குறைவு என்றால்? பெப்லோஸுக்குச் சாதாரண வளைய ப்ரூச் ஒரு ஜோடி வாங்குங்கள். அதுவும் ஆங்கிள் பகுதிக் கல்லறைகளில் ஏராளமாகக் கிடைத்ததுதான். வாங்கும் முன் ஊசியைத் தொட்டுப் பாருங்கள்: மெல்லிய ஊசி கம்பளியின் கனத்துக்கு வளைந்துவிடும்.