27,500 ரூபாய் போச்சு, அப்பாவோட தோடியும் போச்சு: பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கறவங்க இதைப் படிச்சுட்டு வாங்குங்க

நேத்து ராத்திரி பத்து மணிக்கு அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் பண்ணிட்டாரு. தூக்கம் வரல. விடியட்டும்னு காத்திருந்து இதை எழுதறேன். 27,500 ரூபாய். குடியாத்தத்துல ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வச்சு, ஒரு பக்கத்துக்கு ரெண்டு ரூபாய் வாங்கி, பதினெட்டு மாசம் சீட்டு கட்டி எடுத்த பணம்.

கடைப் பேரைப் போடல. போட்டா மானநஷ்ட வழக்கு போடுவேன்னு அவரே வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காரு. சென்னையில பழைய ஆடியோ சாமானை ரிப்பேர் பண்ணி விக்கிற கடை, வீடியோ போட்டு ஆள் பிடிக்கிறவங்க. ஏற்கெனவே அங்க ஏமாந்தவங்களுக்கு இதுலயே புரிஞ்சிடும். மத்தவங்களுக்கு இந்த மாதிரிக் கடைகளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் கடைசியில சொல்றேன்.

எங்க அப்பா மைக் செட் வச்சிருந்தவர். வைகாசி ஒண்ணாம் தேதி எங்க ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கோபாலபுரம் பக்கம் கூம்பு ஸ்பீக்கர் கட்டினவங்கள்ல அவரும் ஒருத்தர். கல்யாண வீட்டுல செட் போட்டா முதல்ல சுத்தறது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாயனத்துல வாசிச்ச தோடி ராகம்தான். 78 வேகத்துல, அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து, ஓடற அரக்கு ரெக்கார்டு அது. ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம்தான் ஓடும். ராகம் ஏறிக்கிட்டு இருக்கும்போதே பக்கம் முடிஞ்சிடும், திருப்பிப் போடணும். எனக்கு அந்தத் தோடி இன்னைக்கும் நடுவுல ஒரு நிறுத்தத்தோடதான் ஞாபகம் இருக்கு. அப்பா ரெண்டு உள்ளங்கையாலயும் விளிம்பை மட்டும் பிடிச்சு ரெக்கார்டைத் திருப்பற நேரம் அது.

கேசட் வந்து வியாபாரம் மாறினப்போ பிளேயரை வித்துட்டாரு. ரெக்கார்டுகளை மட்டும் விக்கல. தகரப் பெட்டியில, மாடிப்படிக்கு அடியில, வெயில் படாத இடமா பார்த்து வச்சிருக்காரு. எல்லாம் நிமிர்த்தி நிக்க வச்சதுதான். ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வச்சா அடியில இருக்கிறது வளைஞ்சிடும். நம்ம ஊர் மே மாசம் எப்படின்னு வேலூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். பிளாஸ்டிக் ரெக்கார்டை ஜன்னல் ஓரம் வச்சா சாயங்காலத்துக்குள்ள அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும். பிளாஸ்டிக்ல 33 வேகத்துல ஓடற பெரிய எல்.பி.யும், 45 வேகத்துல ஓடற சின்னதும் நூறுக்கு மேல இருக்கு. அரக்கு ரெக்கார்டு 31 இருந்தது. இப்போ 30.

அப்பாவுக்கு எண்பது வயசு ஆகப்போகுது. பொங்கல் அன்னைக்கு, "ஒரே ஒரு தடவை அந்தத் தோடியைக் கேக்கணும்மா"ன்னாரு. போன்ல போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "நல்லாதான் கீது. ஆனா நம்ம ரெக்கார்டு இல்லியே"ன்னாரு. சிரசுக்குள்ள ஒரு பிளேயர் வாங்கிடணும்னு அன்னைக்கே முடிவு பண்ணேன்.

சித்திரை பொறந்ததும் அந்தக் கடையோட வீடியோவைப் பார்த்தேன். 33, 45, 78 மூணு வேகமும் ஓடும், முள் புதுசு, ரப்பர் வீல் புதுசு, ஒரு வருஷம் கேரண்டி. மரப்பெட்டி பளபளன்னு இருந்தது. விலை 30,000 சொன்னாரு. பேசி 27,500க்கு வந்தாரு. அப்பவும் நான் உடனே பணம் போடல. 78 ஓடறதை நேர்ல பார்க்கணும்னு சொன்னேன். முதல்ல ஒரு வீடியோ அனுப்பினாரு, அப்புறம் அன்னைக்கு சாயங்காலமே வீடியோ காலுக்கு வந்தாரு.

நான் ஏமாந்து விழுந்தது அந்த வீடியோ காலில்தான். அப்பா பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருந்தாரு. கடைக்காரர் அவரைப் பார்த்ததும், "ஐயா, நீங்க எந்த செட் வச்சிருந்தீங்க?"ன்னு கேட்டாரு. அப்பா "கேரார்டு"ன்னாரு. "அப்போ நீங்க பெரிய ஆளுங்க ஐயா! எங்கப்பாவும் மைக் செட்தான், திருவிழாவுல வளர்ந்தவன் நான்"னு சொல்லிட்டு ஒரு நாயன ரெக்கார்டை எடுத்து வச்சு, முள்ளை இறக்கினாரு. சத்தம் வந்தது. அப்பாவோட வலது கை தானா சேர் கைப்பிடியில தாளம் போட ஆரம்பிச்சது. ரெண்டு வருஷமா அந்தக் கையில டம்ளர் பிடிக்கவே நடுக்கம். அந்தத் தாளத்தைப் பார்த்துதான் நான் பணம் போட்டேன். ராத்திரியே 7,500, மறுநாள் காலையில 20,000.

பன்னிரண்டு நாள் கழிச்சு லாரி பார்சல் ஆபீஸ்ல இருந்து போன். போய் கையெழுத்துப் போட்டு ஆட்டோவுல எடுத்துட்டு வந்தேன். பிரிச்சா உள்ள நியூஸ்பேப்பர் உருண்டைங்க. ரெக்கார்டு வைக்கிற வட்டத் தட்டைக் கழட்டித் தனியா கட்டாம அப்படியே அனுப்பியிருக்காங்க. முள் இருக்கிற கையைக் கட்டவே இல்ல, அது ஆடி ஆடி மரத்துல கீறல் போட்டிருந்தது. வெளியில புது பாலிஷ். தட்டைத் தூக்கிப் பார்த்தா உள்ள பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகிக் கிடக்குது. மோட்டார் சக்கரத்துக்கும் தட்டுக்கும் நடுவுல உரசிச் சுத்துற ரப்பர் வீல் இருக்கே, அதை அப்பா கட்டை விரலால அழுத்திப் பார்த்தாரு. கல்லு. ஒரு பக்கம் தட்டையாவும் தேய்ஞ்சிருந்தது. புது வீல்னு சொன்னது இதைத்தான்.

33ல வச்சா சுத்துச்சு, கூடவே டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். 78ல வச்சா வீல் வழுக்குது, வேகமே ஏறல. தோடியை வச்சோம். சுருதி இறங்கி, இழுத்து இழுத்து, என்னன்னே தெரியாத ஒரு முனகல். அப்பா முள்ளைத் தூக்கிட்டாரு. முகத்துல ஒண்ணுமே காட்டல.

அன்னைக்கே கடைக்குப் போன் பண்ணேன். "புது ரப்பர் மேடம், ரெண்டு நாள் ஓட விடுங்க, செட் ஆயிடும்." ரெண்டு நாள் விட்டுப் பண்ணேன். "அப்போ ரெக்கார்டு அழுக்கு மேடம், அழுக்கு இழுக்குது. பெட்டியில ஒரு லிக்விட் வச்சிருக்கேன் பாருங்க, ஃப்ரீதான். பஞ்சுல தொட்டு நல்லா அழுத்தித் துடைங்க." ஒட்டின பேப்பர் ஒண்ணும் இல்லாத சின்ன பாட்டில். மோந்தா ஆஸ்பத்திரி வாசனை. ஸ்பிரிட்.

எனக்கு அதுல சந்தேகமே வரல. கேசட் காலத்துல டேப் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலதான் துடைப்போம். அதே மாதிரின்னு நினைச்சேன். அப்பா தூங்கிட்டு இருந்தாரு. எழுந்ததும் சுத்தமா காட்டலாம்னு தோடி ரெக்கார்டையே எடுத்து மடியில வெள்ளைத் துணி விரிச்சு வச்சுத் துடைச்சேன். பஞ்சு கறுப்பாச்சு. அழுக்குன்னு நினைச்சு இன்னொரு பஞ்சு எடுத்தேன். அதுவும் கறுப்பாச்சு. மூணாவது பஞ்சு ரெக்கார்டுல ஒட்டுது, விரல்ல பிசுபிசுன்னு வருது. தூக்கி வெளிச்சத்துல பார்த்தேன். மயில் கழுத்து மாதிரி மின்னிக்கிட்டு இருந்த வரியெல்லாம் போய், கை அகலத்துக்குச் சாம்பல் பூத்திருந்தது. பின்னாடி அப்பா வந்து நிக்கிறாரு. "இன்னாம்மா இது, கறுப்பா வருது?"

அது அழுக்கு இல்லங்க. மரச்சாமானுக்கு பாலிஷ் போடறவங்க அரக்கை எதுல கரைக்கிறாங்க? ஸ்பிரிட்லதானே. அந்த அரக்குதான் 78 ரெக்கார்டுலயும் இருக்கு. நான் அழுக்கைத் துடைக்கல, ராஜரத்தினம் பிள்ளையைத் துடைச்சு எடுத்திருக்கேன். 1956ல போன மனுஷனோட மூச்சு அந்த வரியில இருந்தது. நாப்பது வருஷம் பழைய ஆடியோ சாமானோட புழங்கறேன்னு சொல்ற ஒருத்தருக்கு இது தெரியாதா? தெரியலன்னா கடை வைக்கக் கூடாது. தெரிஞ்சே அனுப்பினாருன்னா அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்கு வார்த்தை வரல.

அதுக்கு அப்புறம் நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. "பார்சல்ல அடிபட்டிருக்கும், அங்க கேளுங்க." பார்சல் ஆபீஸ்ல, "நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா." மறுபடி கடைக்கு. "ஓனர் திருப்பதி போயிருக்காரு, நான் வேலை செய்யற பையன்." பேசினது அதே குரல். அப்பாகிட்ட "ஐயா, ஐயா"ன்னு பேசின குரல் எனக்கு மறக்குமா?

சிரசு வந்தது, போச்சு. தெருவெல்லாம் ஸ்பீக்கர், எங்க வீட்டுல மட்டும் சத்தம் இல்ல. முந்தாநாள் காலை ரயில்ல அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு சென்னைக்கே போயிட்டேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிஞ்சு உள்ள போனா, அவரே உட்கார்ந்திருக்காரு. "இந்த மாடலுக்கு இப்போ 4,000தான் மேடம் போகும், வேணும்னா வச்சுட்டுப் போங்க"ன்னாரு. 27,500 வாங்கி ஒரு மாசம் சொச்சம்தான் ஆகுது! அவர் தலைக்கு மேல அலமாரியில இன்னொரு பிளேயர். அதோட கையில ஒரு பக்கம் எல்.பி., திருப்பினா 78ன்னு ரெண்டு முள் இருக்கிற கார்ட்ரிட்ஜ். அந்த வீடியோ காலில் அப்பாகிட்ட "இது நல்ல முள்ளு"ன்னு இவர் காட்டினாரே, அதேதான். எனக்கு வந்ததுல சிவப்பு பிளாஸ்டிக்ல எல்.பி. முள் மட்டும். கேட்டதுக்கு, "எல்லாத்துக்கும் ஒரே முள்தான் மேடம் இப்போ"ன்னாரு. பொய். 78 ரெக்கார்டோட பள்ளம் அகலம். அதுக்கான முள் நுனி எல்.பி. முள்ளைவிட மூணு நாலு மடங்கு பருமன். எல்.பி. முள்ளை அதுல விட்டா பள்ளத்தோட அடியில போய் உரசும், இரைச்சல்தான் வரும். பெட்டியைத் திரும்பத் தூக்கிட்டு வந்துட்டேன். 4,000க்கு விட மாட்டேன்.

அன்னைக்கு ராத்திரி அப்பாதான் சொன்னாரு. "அந்தக் கடைக்காரன் போன்ல போட்டுக் காட்டினப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சும்மா. சத்தத்துல கடுகு பொரியற சத்தமே இல்ல. அந்தக் காலத்து ரெக்கார்டு அப்படிப் பாடாது. நீ ஆசையா இருந்த, சொல்ல மனசு வரல." காலுக்கு முன்னாடி அவர் அனுப்பின வாட்ஸ்அப் வீடியோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பத்து வினாடிக்கு ரெக்கார்டு எத்தனை சுத்துன்னு எண்ணினேன். 78 வேகம்னா 13 சுத்து சுத்தணும். அதுல அஞ்சரை. அது 33 வேகம். தட்டு ஒரு பக்கம் சும்மா சுத்துது, நாயனம் வேற எதுல இருந்தோ வந்திருக்கு. காலிலயும் இதே வேலைதான் பண்ணியிருக்கணும். எங்கப்பா தாளம் போட்டது அதுக்குத்தான்.

வீடியோவை வெட்டி, எண்ணிக் காட்டி, அவருக்கு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்தது. வழக்கு போடுவேன்னு அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. அப்புறம் பிளாக்.

எல்லாம் சொல்றேன்னு மேல எழுதிட்டேன், இப்போ நிதானமா எழுத முடியல. வாங்கறதுக்கு முன்னாடி வீடியோவுல பத்து வினாடி எண்ணுங்க: 33க்கு அஞ்சரை, 45க்கு ஏழரை, 78க்கு 13. 78 முள் தனியா இருக்கான்னு கிட்டத்துல காட்டச் சொல்லுங்க. பார்சலைப் பிரிச்சு, வீடியோ எடுத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. அரக்கு ரெக்கார்டு பக்கம் ஸ்பிரிட்டைக் கொண்டு போகவே போகாதீங்க, யார் சொன்னாலும். மெத்துன்னு பிரஷ்ஷால தூசி தட்டினா போதும்.

1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் பதிஞ்சிருக்கேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்கு போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்ல. அதனால சென்னைக்கு இனி அலையப்போறது இல்ல, திங்கக்கிழமை வேலூர்லயே கொடுக்கறேன். 27,500 ரூபாயும் வரணும்.

வேலூர், ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர் பக்கம் பழைய மைக் செட்காரங்க வீட்டுல யார்கிட்டயாவது அந்தத் தோடி ரெக்கார்டும், 78 ஓடற பிளேயரும் இருந்தா கீழ சொல்லுங்க. விலைக்குக் கேக்கல. அப்பாவைக் கூட்டிக்கிட்டு நானே வரேன். ரெண்டு பக்கமும் ஒரு தடவை ஓட விட்டீங்கன்னா போதும், நடுவுல திருப்பிப் போடறதை மட்டும் அவர் கையில விடுங்க.