ஒற்றைப் பிரதிகளின் சந்தை: பழம்பொருள் தளம் ஒன்றை ஏழு ஆண்டு நடத்திய அனுபவம்

பழம்பொருள்களுக்கும் சேகரிப்புப் பொருள்களுக்குமான இணையச் சந்தை ஒன்றை ஏழு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நாங்களே பொருளை வாங்கி வைத்து விற்பதில்லை. விற்பனையாளர்கள் தங்கள் பொருளைப் பட்டியலிடுவார்கள், சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள், விற்பனை முடிந்தால் எங்களுக்கு ஒரு கமிஷன் வரும். இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மென்பொருள் நல்லது என்றுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் மென்பொருள் எனக்கு முதல் இரண்டு ஆண்டுக் கவலையாக மட்டுமே இருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை என் உழைப்பில் பெரும்பகுதி, ஒரு பொருளை அதன் குறையோடு சேர்த்து உண்மையாக விவரிக்க வைப்பதிலேயே செலவாகிறது.

பல விற்பனையாளர்கள் ஒரே தளத்தில் விற்பதற்கான ஆயத்த மென்பொருள்கள் நிறையக் கிடைக்கின்றன. அவை யாவும் சட்டை, செருப்பு போன்ற பொருள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: அளவு, நிறம், இருப்பு எத்தனை என்று கேட்கும். எங்களிடம் எல்லாப் பொருளுக்கும் இருப்பு ஒன்றுதான். தொடங்கிய இரண்டாவது மாதமே ஒரு சுவர்க் கடிகாரத்தை இருவருக்கு விற்றுவிட்டோம். ஒருவர் அதைக் கூடையில் போட்டுவிட்டு வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னொருவர் பணம் செலுத்தி முடித்துவிட்டார். முதலாமவரின் பணமும் அடுத்த நிமிடமே வந்து சேர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். ஆனால் அந்த மாதிரிக் கடிகாரத்தைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தவருக்கு அது எந்த வகையிலும் ஈடாகவில்லை. அதன் பிறகு, ஒருவர் பணம் செலுத்தும் பக்கத்தைத் திறந்த நொடியிலிருந்து 15 நிமிடம் பொருள் அவருக்காக ஒதுக்கி வைக்கப்படும்படி மாற்றினோம். நேரடிக் கண்காட்சியில் பொருளை விற்றுவிட்டுத் தளத்தில் நீக்க மறந்துபோகும் விற்பனையாளர்களுக்காக, கைப்பேசியில் ஒரே தட்டலில் "விற்றுவிட்டது" என்று குறிக்கும் வசதியையும் சேர்த்தோம். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டையும் முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

மாதக் கட்டணச் சேவையிலிருந்து திறந்த மூல மென்பொருளுக்கு மாறியபோது நாங்கள் செய்த தவறு இதைவிடப் பெரியது. பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றோடு இணைக்காமலே மாறிவிட்டோம். தேடுபொறி வழியாக வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் "பக்கம் இல்லை" என்ற செய்தியைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். பழைய வருகை மீள ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடித்தது. அந்த ஓர் ஆண்டில் வருகைப் பதிவுகளைத் தினமும் கூர்ந்து பார்த்ததில்தான், மக்கள் தேடி வந்த பக்கங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே விற்றுப்போன பொருள்களின் பக்கங்கள் என்பது தெரியவந்தது.

அதுவரை, ஒரு பொருள் விற்றவுடன் அதன் பக்கத்தை நீக்கிவந்தோம். காலியான அலமாரியை ஏன் காட்ட வேண்டும் என்று நினைத்தோம். சேகரிப்பாளர் அப்படி நினைப்பதில்லை. தன் கையிலிருக்கும் பீங்கான் தட்டின் அடியில் உள்ள முத்திரை என்ன, அது எந்த விலைக்குப் போயிருக்கிறது, எத்தனை முறை சந்தைக்கு வந்திருக்கிறது என்று அவர் தேடுகிறார். இப்போது விற்ற பொருளின் பக்கம், படம், விவரம், விற்ற விலை, விற்ற மாதம் எல்லாம் அப்படியே இருக்கும். விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் மட்டும் இருக்காது. விலையைக் காட்டக் கூடாது என்று சில விற்பனையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், இருவர் விலகியே போனார்கள். அவர்கள் போனதில் வருத்தம் உண்டு என்றாலும், விலை தெரிந்தால்தான் புதிதாக வருபவர் துணிந்து வாங்குவார் என்று நான் உறுதியாக நம்பினேன். விளம்பரத்துக்குச் செலவழித்த எந்தத் தொகையும் இந்தப் பக்கங்கள் கொண்டுவந்த அளவுக்கு ஆட்களைக் கொண்டுவரவில்லை.

இனி விவரிப்புக்கு வருகிறேன். தொடக்கத்தில் விவரத்துக்கு ஒரு வெற்றுப் பெட்டியைக் கொடுத்திருந்தோம். அதில் பத்தில் ஒன்பது பேர் "பழமையானது, அரிதானது, நல்ல நிலையில் உள்ளது" என்றே எழுதினார்கள். இந்த மூன்று சொற்களிலும் வாங்குபவருக்குப் பயன்படும் செய்தி ஒன்றுகூட இல்லை. உயரமான பீங்கான் சாடி ஒன்று இப்படித்தான் "நல்ல நிலையில்" விற்கப்பட்டது. வாங்கியவர் அதைத் திருப்பி அனுப்பியபோது நான் அலுவலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு சிறிய டார்ச்சைச் சாடிக்குள் இறக்கினேன். கழுத்திலிருந்து வயிற்றுப் பகுதி வரை மயிரிழை விரிசல் ஒன்று ஒளிக்கோடாகத் தெரிந்தது. விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டிய சாடி, மந்தமாக ஒலித்தது. விற்றவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவர் அதை மாடத்தில் வைத்து முன்பக்கத்தை மட்டுமே பார்த்து வந்திருக்கிறார்.

சந்தையில் விற்பவருக்குப் பொருளைப் பற்றி வாங்குபவரைவிட அதிகம் தெரிந்திருப்பதால் நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைக்காமல் போகும் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்களை எடுத்துக்காட்டி விளக்கினார். பழம்பொருளில் நிலைமை இன்னும் சிக்கலானது. விற்பவருக்கே தெரியாத விஷயங்கள் பொருளுக்குள் இருக்கின்றன. ஆகவே அவருக்குத் தெரிந்ததைக் கேட்டால் மட்டும் போதாது, அவரைப் பார்க்க வைக்க வேண்டும். அதற்கு எங்களுக்கு மிகவும் உதவியது ஆப்ஜெக்ட் ஐடி என்ற தரநிலை. பண்பாட்டுப் பொருள்கள் திருடு போனால் அடையாளம் காண்பதற்காக கலைத் துறையில் இயங்கும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனத்தின் முயற்சியில் உருவாகி 1997-இல் வெளிவந்தது அது. பொருளின் வகை, மூலப்பொருள், அளவு, எழுத்துகளும் முத்திரைகளும், தனித்து அடையாளம் காட்டும் வடு அல்லது பழுது, காலம், செய்தவர் என்று வரிசையாகக் கேட்கும். எங்கள் படிவத்தை அதன் வழியில் மாற்றி அமைத்தோம். அடிப்பாகம், உட்புறம், முத்திரை, அளவுகோலோடு ஒரு படம், குறை இருக்கும் இடத்தின் அண்மைப் படம் ஆகியவை கட்டாயம். "குறை எதுவும் இல்லை" என்று எழுதினால், "எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?" என்று படிவம் ஒரு கேள்வி கேட்கும். இதனால் பட்டியலிட ஐந்து நிமிடம் எடுத்தது இருபத்தைந்து நிமிடமானது, புதிய பட்டியல்களின் எண்ணிக்கை அந்தக் காலாண்டில் கண்கூடாகக் குறைந்தது, எனக்கும் உறக்கம் கெட்டது. திரும்பி வரும் பார்சல்கள் அதைவிட வேகமாகக் குறைந்ததைப் பார்த்த பிறகே நிம்மதி வந்தது.

குறையைச் சொன்னால் பொருள் விற்காது என்ற அச்சம் விற்பனையாளர்களிடம் ஆழமாக இருக்கிறது. அவர்களுக்கு நான் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தின் கதையைச் சொல்வதுண்டு. பியர் ஒமிட்யார் 1995-இல் அந்தத் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விற்றுப்போனது உடைந்த லேசர் சுட்டி ஒன்று. உடைந்தது என்று சொல்லியே விற்கப்பட்டது. வாங்கியவர் உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவர். எங்கள் தளத்திலும் ஒட்டவைத்த பொம்மைகளுக்கும் முள் இல்லாத கடிகாரங்களுக்கும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உதிரிப் பாகத்துக்காக வாங்குபவர், பழுது பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர் என்று பலர்.

காலத்தைக் குறிப்பதில் கண்டிப்பு தேவை. "ஆன்டிக்" என்ற சொல்லை ஆளாளுக்கு ஒரு பொருளில் வழங்குகிறார்கள். உலகச் சுங்க வகைப்பாட்டின் 9706-ஆம் தலைப்பு 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருள்களையே பழம்பொருளாகக் கொள்கிறது. கைவினைப் பொருள்களும் பழைய பொருள்களும் விற்கும் எட்ஸி தளத்தில் ஒரு பொருளை விண்டேஜ் என்று சொல்ல 20 ஆண்டுகள் ஆகியிருந்தால் போதும். நாங்களும் இந்த இரண்டு எல்லைகளையே எடுத்துக்கொண்டோம். அவற்றுக்கு இடைப்பட்ட எதையும் பழம்பொருள் என்று எழுத விடுவதில்லை.

பொருள் அசல்தானா என்று சோதிப்பதில் நாங்கள் நிபுணர்கள் அல்லர் என்பதை ஒப்புக்கொண்டுதான் வேலை செய்கிறோம். ஆனால் எளிய சோதனைகள் சில பெரிய தவறுகளைத் தடுத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லச்சுப் படம் (கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃப்) என்று ஒருவர் பட்டியலிட்ட படத்தை நேரில் வாங்கிப் பார்த்தேன். புற ஊதா விளக்கின் கீழ் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வுப் பொருள்கள் 1950 வாக்கில்தான் காகித உற்பத்தியில் பரவின. பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தபோது ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் வட்டம் வட்டமாகப் பூப்போலக் கூடியிருந்தன. கல்லச்சில் இருக்க வேண்டிய ஒழுங்கற்ற மணல் போன்ற துகள் அமைப்பு எங்கும் இல்லை. பின்னாளில் அச்சடித்த மறுபதிப்பு அது. விற்க வந்தவர் அதைத் தன் தாத்தாவின் அறையில் இருந்து எடுத்து வந்திருந்தார். அவரிடம் அதைச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை. மர அலமாரிகளில் திருகுகளைப் பார்க்கச் சொல்கிறேன். பிளஸ் வடிவப் பள்ளம் கொண்ட பிலிப்ஸ் திருகு 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. 1880-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் அலமாரியில் அது இருந்தால், பின்னர் பழுது பார்த்திருக்கிறார்கள் என்றோ காலம் தவறு என்றோ கேட்டுத் தெளிய வேண்டும்.

நாணயங்களில் இந்தச் சுமை குறைவு. நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் முன்வைத்த 70 புள்ளி அளவையை அடிப்படையாகக் கொண்டு வெளி நிறுவனங்கள் நாணயத்தைத் தரப்படுத்தி, உறையிட்டுக் கொடுத்துவிடுகின்றன. அதனால் எங்கள் தளத்தில் நாணயப் பிரிவே வேகமாக வளர்ந்தது. உறையிடாத நாணயங்களில் மட்டும் ஓயாத தொல்லை ஒன்று உண்டு: விற்பதற்கு முன் பளபளப்பாகத் தேய்த்துவிடுகிறார்கள். தேய்த்த நாணயம் சேகரிப்பாளரிடம் மதிப்பிழந்துவிடும். படிவத்தின் முதல் வரியிலேயே "தயவுசெய்து தேய்க்காதீர்கள்" என்று எழுதி வைத்திருக்கிறோம்.

தந்தம் போன்றவற்றை நாங்கள் பட்டியலிடுவதே இல்லை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய பொருளுக்கு விலக்கு உண்டா, எந்த ஆவணம் வேண்டும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறுபடும். எங்களைப் போன்ற சிறிய தளம் அந்தச் சிக்கலில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. சிலை, அகழ்வுப் பொருள், சுவடி என்று வந்தால் கைமாறிய வரலாற்றுக்கான தாள் கேட்கிறோம். திருடுபோன கலைப்பொருள்களைத் தேடுவதற்காக இன்டர்போல் 2021-இல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் செயலியிலும் தேடிப் பார்க்கிறோம். தாள் இல்லையென்றால் எவ்வளவு அழகிய பொருளாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

ஏலத்தை நம்பித் தொடங்கி ஏமாந்தோம். ஏலம் களைகட்ட ஒரே பொருளை விரும்பும் இருவராவது ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும்; புதிய தளத்தில் அது நடப்பதில்லை. நல்ல பொருள்கள் ஒருவர் மட்டுமே விலை கேட்டுக் குறைந்த விலைக்குப் போனதால் விற்பனையாளர்கள் மனம் நொந்தார்கள். கடைசி நொடியில் விலை கேட்டுப் பறிப்பவர்களால் மற்ற சேகரிப்பாளர்களும் நொந்தார்கள். இப்போது மாதம் ஒருமுறை மட்டும், ஒரே வகைப் பொருள்களைத் திரட்டி ஏலம் விடுகிறோம். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் முடிவு நேரம் மேலும் ஐந்து நிமிடம் நீளும். மற்றவை எல்லாம் நிலையான விலையும் பேரமும்தான்.

எல்லாப் பொருளையும் விற்கத் தொடங்கியதும் தவறே. இருபத்திரண்டு பிரிவுகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பொருள்கள். தபால்தலை தேடி வந்தவர் ஆறு தபால்தலைகளைப் பார்த்துவிட்டு மறுபடி வரவில்லை. கடிகாரம், நாணயம், தபால்தலை, அச்சுப் படம் என்று நான்காகச் சுருக்கிய பிறகுதான் ஒருவர் வந்தால் அரை மணி நேரம் தங்கும் அளவுக்குத் தளம் நிறைந்தது; பீங்கானை மூன்று ஆண்டுகள் கழித்தே திரும்பச் சேர்த்தோம். தேடலைச் சேமித்து வைத்து, பொருந்தும் பொருள் வந்தவுடன் மின்னஞ்சல் அனுப்பும் வசதியை எளியதென்று எண்ணிவிடாதீர்கள். சேகரிப்பாளர் காத்திருப்பவர். நான்கு ஆண்டுக்கு முன் சேமித்த தேடலுக்குச் சென்ற மாதம் பொருள் வந்து, அன்றே விற்றது.

வாங்குபவர் கையில் பொருள் சேர்ந்து மூன்று நாள் ஆகும் வரை பணத்தை நாங்களே வைத்திருக்கிறோம். விற்பனையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஆனாலும் தளத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொள்ளும் பழக்கத்தைக் குறைத்தது இந்தப் பாதுகாப்புதான். பார்சலுக்குக் காப்பீடு இருக்கிறது என்று நம்பி இருந்துவிட வேண்டாம். உடைந்த ஊசல் கடிகாரம் ஒன்றுக்கு இழப்பீடு கேட்டபோது, பழம்பொருள் காப்பீட்டில் வராது என்ற விதியை அப்போதுதான் காட்டினார்கள். ஊசலைக் கழற்றித் தனியே சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக, நடுவே எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் நிரப்பியோடு கட்டும் முறையைப் படத்தோடு விற்பனையாளர்களுக்கு அனுப்புகிறோம்.

இந்த இரண்டு ஆண்டுகளாக, சேகரிப்பாளர் ஒருவர் மறைந்த பின் அவர் குடும்பம் மொத்தச் சேகரிப்பையும் கொண்டுவருவது அதிகமாகியிருக்கிறது. அண்மையில் இப்படித் தபால்தலை ஆல்பங்கள் சில பெட்டிகளில் வந்தன. அந்த வீட்டார் எறிய எடுத்து வைத்திருந்த குப்பைப் பையில், மறைந்தவர் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. எந்தத் தபால்தலையை எப்போது, யாரிடம், எதற்கு மாற்றாக வாங்கினார், எதன் பின்புறத்தில் பசை போயிருக்கிறது, எதன் துளை விளிம்பு ஒரு பல் குறைவு என்று வரிக்கு வரி குறித்திருந்தார். அந்தக் குறிப்புகளைப் படமெடுத்து ஒவ்வொரு தபால்தலையோடும் இணைத்துப் பட்டியலிட்டோம். வாங்கியவர்களில் பலர் தங்கள் தபால்தலைக்குரிய பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். "இந்தப் பொருளோடு ரசீது, கடிதம், நோட்டுப் புத்தகம் ஏதேனும் இருக்கிறதா?" என்ற கேள்வியை இப்போது எங்கள் படிவத்தில் விலைக்கும் மேலே வைத்திருக்கிறோம்.