ஹெட்டைத் திறந்து திருத்துவதா, பழைய பவர் ஹெட் வாங்குவதா? தண்ணீர் புகுந்த போட் இஞ்சினுக்கு நான் எடுத்த முடிவு

போன சித்திரையில் வலை இழுத்துவிட்டு முல்லைத்தீவு நாயாற்றுக் கரைக்குத் திரும்பும்போது இஞ்சின் நொண்டத் தொடங்கியது. 40 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடுகிற டூ ஸ்ட்ரோக். வாடிக்கு வந்ததும் பிளக் இரண்டையும் கழற்றினேன். மேல் பிளக் வழமைபோலக் கரியும் ஒயில் பிசுபிசுப்புமாக இருந்தது. கீழ் பிளக்கின் முனை மட்டும் கழுவித் துடைத்ததுபோல வெளுத்திருந்தது, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

நாக்கில் வைத்துப் பார்ப்பது முக்கியம். உப்பில்லாவிட்டால் அது மண்ணெண்ணெயோடு வந்த தண்ணீராக இருக்கலாம், டாங்கியையும் பில்டரையும் பார்த்தால் போதும். உப்பென்றால் இஞ்சினைக் குளிராக்க ஓடுகிற கடல் தண்ணீர் எங்கேயோ வழி கண்டுபிடித்துவிட்டது. அந்த இடத்திலேயே பிளக் ஓட்டையால் ஒயில் விட்டு, பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து தரம் கயிற்றை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றினேன். இதை நாளைக்குச் செய்வோம் என்று விட்டால் பிஸ்டன் சுற்றுகிற தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங் துருப்பிடித்துவிடும், பிறகு இந்த ஒப்பீட்டுக்கே தேவையிருக்காது.

சரி, இனி என்ன செய்வது? இரண்டு வழி. ஒன்று, ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மூடியிருக்கிற மூடியைக் கழற்றி, மட்டம் பார்த்துத் தேய்த்து, இடையில் கசியாமல் வைக்கிற தகடான கஸ்கெட்டைப் புதிதாகப் போடுவது. மற்றது, பாவித்த பவர் ஹெட் ஒன்றை, அதாவது தண்ணீருக்குள் இறங்குகிற காலுக்கு மேலே இருக்கிற இஞ்சினை முழுதாக, வாங்கி மாட்டுவது. சீல் பசை பூசிக்கொண்டு அப்படியே ஓடுகிறவர்களும் உண்டு. ஆனால் அமுக்கம் குறைந்த இஞ்சின் மண்ணெண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கும். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியதைப் பார்த்த பிறகு அதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை.

நான் முதலாவதைத்தான் செய்தேன். திரும்ப வந்தாலும் அதையே செய்வேன்.

பழைய பவர் ஹெட்டின் பெரிய நன்மை நேரம். காலையில் கொண்டுவந்தால் பின்னேரம் மாட்டிவிடலாம், அடுத்த நாள் கடலுக்குப் போகலாம். நல்ல மீன்பாடு இருக்கிற நாளில் படகு கரையில் கிடப்பது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும், நாலு நாள் நானும் கரையில்தான் இருந்தேன். விலை ஏற்ற இறக்கம் உண்டு. எனக்குச் சொன்ன விலையில் ஆறில் ஒரு பங்குகூட என் திருத்தச் செலவு வரவில்லை. ஆனால் என்னை நிறுத்தியது விலையில்லை. அளம்பிலில் இருக்கிற மெக்கானிக் அண்ணையிடம் கேட்டபோது அவர் சொன்னது: "தம்பி, வெளியில பெயின்ற் அடிச்சு வச்சிருப்பாங்கள். உள்ளுக்க எவ்வளவு உப்பெண்டு ஆருக்குத் தெரியும்?"

முடிவு அங்கேதான் இருக்கிறது. இந்த இஞ்சின்கள் கடல் தண்ணீரையே உறிஞ்சி சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டுக் குளிராகின்றன. ஓட்டம் முடிந்து சூட்டோடு நிறுத்தினால் உள்ளே நிற்கிற தண்ணீர் வற்றி உப்பு மட்டும் மிஞ்சும். அந்த உப்பு அலுமினியத்தைத் தின்று வெள்ளை மாவாக்கும், மாவு பாதையை அடைக்கும், அடைத்த இடம் சூடேறும், சூட்டில் ஹெட் வளையும், வளைந்த இடத்தால் கஸ்கெட் விடும். என் இஞ்சினில் தெர்மோஸ்டாட்டை, சூடேறும்போது தண்ணீர்ப் பாதையைத் திறந்துவிடுகிற வால்வை, கழற்றியபோது அது உப்பில் இறுகி, திறக்காமல் கிடந்தது. காரணம் கையில் கிடைத்தது. அதையும் தண்ணீரை உறிஞ்சுகிற பம்பின் சக்கரமான இம்பெல்லரையும் மாற்றாமல் கஸ்கெட்டை மட்டும் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் திரும்பக் கழற்றியிருப்பேன். அடுத்தவரின் பவர் ஹெட்டை வாங்கும்போது இந்தக் கதை எதுவும் தெரியாது. அவர் நல்ல தண்ணீரில் கழுவினாரா, எத்தனை தரம் சூடேறியது, எல்லாம் மூடிக்கு உள்ளே. விற்கிறவர் திறந்து காட்டமாட்டார், ஏனென்றால் திறந்தால் போல்ட் முறியும்.

எனக்கும் ஒன்று முறிந்தது. ஹெட்டின் கீழ்ப்பக்கப் போல்ட், முதல் நாள் இரவே டீசல் விட்டு ஊறவைத்தும், காஸ் விளக்கால் சூடாக்கியும், கால் சுற்றுச் சுற்றி மெதுவாகக் கிறீச்சிட்டுத் தலை கையோடு வந்துவிட்டது. மிச்சத்தைத் துளைத்து எடுக்க ஒரு முழு நாள் போனது.

ஹெட் வெளியே வந்ததும் கதை தெளிவாகிவிட்டது: மேல் பிஸ்டன் கறுப்பு, கீழ்ப் பிஸ்டன் ஆவியில் கழுவினதுபோல் பளபளப்பு, அதற்கு நேரே கஸ்கெட்டில் அரிசி நீளத்துக்கு ஒரு எரிந்த கோடு. அமுக்க மானியில் முன்பே மேல் சிலிண்டர் 95, கீழ் 70 காட்டியிருந்தது, மானி காட்டியதும் ஹெட்டில் கண்டதும் ஒத்துவந்தன. (இரண்டு சிலிண்டரும் சமமாகக் காட்டியும் தண்ணீர் வந்தால் ஹெட்டை விட்டுவிட்டு புகை போகிற எக்ஸோஸ்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள், அதன் தகடு அரித்திருந்தாலும் தண்ணீர் சிலிண்டருக்குள் வரும்.) தடித்த கண்ணாடி மேல் 400 நம்பர் வோட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீர் விட்டு, எட்டுப் போடுவதுபோல ஹெட்டைத் தேய்த்தேன். நேர்விளிம்பு வைத்து 0.1 மில்லிமீற்றர் தகடு எங்கேயும் நுழையாத வரைக்கும். கையால் தேய்த்துச் சரிவராத அளவுக்கு வளைந்திருந்தால் லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும். போல்ட் எல்லாவற்றுக்கும் கிரீஸ் பூசி, நடுவிலிருந்து வெளியே, இரண்டு தவணையாக, டோர்க் ரென்ச்சால் இறுக்கினோம்.

இன்னொரு விசயம், இங்கே பலர் கவனிக்காதது. மண்ணெண்ணெய் இஞ்சினும் பெற்றோல் இஞ்சினும் வெளியில் ஒன்றுபோல இருந்தாலும் அமுக்கம் வேறு, மண்ணெண்ணெய்க்குக் குறைவாக இருக்கவேண்டும். பெற்றோல் பவர் ஹெட்டை மாட்டி மண்ணெண்ணெயில் ஓடினால் பாரம் ஏறும்போது டக்கு டக்கென்று அடிக்கும், பிஸ்டன் போகும்.

இப்போது ஒவ்வொரு ஓட்டம் முடியவும் வெட்டின பரலில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். ஆடி, ஆவணியில் கரையோரக் கிணறு உவர்க்கும், அதனால் அந்த நாட்களில் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான். மார்கழியில் கடல் குழம்பிப் படகு ஏற்றின நேரம் ஹெட்டைத் திரும்பத் திறந்தேன். போல்ட் எல்லாம் கையால் கழன்றன, கஸ்கெட் காய்ந்திருந்தது. ஒரு பருவம்தான் ஓடியிருக்கிறது, மூன்று நாலு வருடம் தாங்கும் என்று இப்போது சொல்லமாட்டேன். நான் திறந்தது டூ ஸ்ட்ரோக் மட்டும், ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுக்கவேண்டாம்.

பிளக்கைக் கழற்றிவிட்டு பிளைவீலைக் கையால் சுற்றும்போது உள்ளே மணல் அரைபடுவதுபோல இருந்தால் கிராங்க் பேரிங் போய்விட்டது, அப்போது நானும் பவர் ஹெட்தான் தேடுவேன். ஆனால் காசு கொடுக்க முதல் தெர்மோஸ்டாட் மூடியையாவது கழற்றிக் காட்டச் சொல்வேன். இரண்டு மூன்று போல்ட்தான், உள்ளே வெள்ளை மாவு இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.